பஸ் நிறுத்தம் வரைதான் பதிவாகியிருக்கிறது

ஆகஸ்ட் 8, 2007, புதன்

எங்கள் வீட்டுத் தலைமைப் பொறியாளர் இன்று முதல் பதிவை வெற்றிகரமாக முடித்தார். பதிவானது நாளைய வானிலை அறிக்கை. எங்கள் ஊர் ஹிமேஜியில் வெயில் அடிக்குமாம். ஆகஸ்டில் வேறென்ன அடிக்கும்?

என் வீட்டுக்காரர் தொஷிரோ நகராட்சிக் குடிநீர்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. ஊருக்கெல்லாம் வால்வு திருகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த ரெக்கார்டர். டிவி நிகழ்ச்சியை முதலில் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ளும், பிறகு டிஸ்க்கில் இறக்கிக் கொடுக்கும். இதை இந்த வாரத்தில் ஏழெட்டு முறை எனக்கு விளக்கிவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னால் மனுஷன் முகம் வாடிவிடுகிறது.

மெஷினுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. நாத்தனார் போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். இதயத்தில் ஒரு வால்வு கசிகிறதாம். அங்கே இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்து விடுவார்கள். நாத்தனார் விடாமல் பார்க்கும் விடுதிக் கதைத் தொடர் வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். ஆகவே ஃபோனில் உத்தரவு: "தம்பி, வாராவாரம் டிஸ்க்ல போட்டுக் கொண்டா. சுமியே, நீ காய் ஊறப்போடற என் தவிட்டுப் பானையை எடுத்துட்டுப் போ. தினம் கையை விட்டுக் கிளறணும். கரண்டி போடாதே. நீ போடுவே, எனக்குத் தெரியும்."

கரண்டி போடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனோம். தொஷிரோ அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். கையடக்க பிளேயரில் போட்டார். "இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை" என்று வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டார். படிக்க முடியவில்லை. ஊதிப் போட்டார். அப்போதும் முடியவில்லை.

நாத்தனார் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். அந்த நிலையிலும் வாய்க்கு ஓய்வில்லை. "முப்பத்தெட்டு வருஷம் ஊருக்குத் தண்ணி விட்டானாம். அதான் எங்க தெருவுல சொட்டு சொட்டா வந்துது."

மாலையில் கையேட்டைக் கரைத்துக் குடித்ததில் காரணம் தெரிந்தது. டிஸ்க்கில் இறக்கிய பிறகு 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டுமாம். முடித்து முத்திரை வைப்பது மாதிரி. வைக்காவிட்டால் பதிவான மெஷினில் மட்டும் ஓடும், வேறெங்கும் வாய் திறக்காது. வீட்டைத் தாண்டினால் வாய் திறக்காத அந்த ரகம் எனக்குப் புதிதில்லை. கல்யாணமே அப்படி ஒன்றோடுதான்.

ஆகஸ்ட் 11, சனி

முத்திரை வைத்தாயிற்று. படம் ஓடியது. நாத்தனாரின் தீர்ப்பு: "படம் தெளிவா இருக்கு. நீ கொண்டு வந்த பீச் பழம்தான் பழுக்கல."

ஆகஸ்ட் 13, திங்கள்

பித்ருக்கள் வீட்டுக்கு வரும் நாள். கல்லறையில் புல் பிடுங்கியது நான் மட்டும். பொறியாளர் கையேட்டின் பின்பக்கத்தில் இருக்கிறார் — 'கோளாறு என்று கருதும் முன்' என்ற அத்தியாயம்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

மலிவாகக் கிடைக்கிறது என்று ஐம்பது டிஸ்க் கொண்ட கோபுரம் ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஒன்றைக்கூட மெஷின் ஏற்கவில்லை. கம்ப்யூட்டருக்கான டிஸ்க் வேறாம், டிவி பதிவுக்கான டிஸ்க் வேறாம். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சந்து பொந்தெல்லாம் பைப் எங்கே ஓடுகிறது என்று வரைபடம் படித்தவருக்கு அட்டை படிக்கத் தெரியவில்லை.

"கடைக்காரன் சொல்லணும்ல?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்குவான்."

ஐம்பதையும் நூலில் கட்டித் தக்காளிச் செடிகளின் மேல் தொங்கவிட்டேன். பளபளவென்று ஆடுகின்றன. காக்கை ஒன்றுகூட வரவில்லை. இவர் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் இதுதான்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

இன்று நடந்ததற்கு நான் காரணமில்லை. மின்சாரம்தான் காரணம். எழுதி வைத்துவிடுகிறேன், நாளை யாராவது கேட்டால்.

இந்த டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஒரு பிரதிதான் வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் இறக்கினால் மெஷினின் வயிற்றிலிருந்து அழிந்துவிடும். நகல் எடுப்பதல்ல, குடி பெயர்ப்பது. பாதி வழியில் ஏதாவது ஆனால் பழைய வீடும் போச்சு, புது வீடும் போச்சு. "இறக்குறப்போ யாரும் மூச்சுகூட விடக்கூடாது" என்று தொஷிரோ மெஷினின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மூச்சு விடவில்லை. மைக்ரோவேவில் கானாங்கெளுத்தியை வைத்தேன், அவ்வளவுதான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ரைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. டப் என்று மெயின் ட்ரிப் ஆனது. வீடு முழுக்க அமைதி.

"யாரு மைக்ரோவேவ் போட்டது?"

வீட்டில் இருப்பது இரண்டே பேர். விசாரணைக் கமிஷன் வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

மெயினைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் மெஷினிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. நேற்றைய கதை இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. கானாங்கெளுத்தியும் பாதி சூட்டில் நின்றுவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ஆகஸ்ட் 25, சனி

டிஸ்க் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக தொஷிரோவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. வலி என்னை வழியனுப்பிய பிறகு நின்றிருக்கும்.

"டிஸ்க் எங்கே?" என்றார் நாத்தனார்.

"மெயின் ட்ரிப் ஆயிடுச்சு அக்கா."

"மைக்ரோவேவ் போட்டியா?"

எப்படித்தான் தெரிகிறதோ. அறுபத்தெட்டு வயதில் வால்வு கசிகிறது, மூளை கசியவில்லை.

"சரி, கதையைச் சொல்லு. நீ பார்த்திருப்பே."

நான் அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. சமையலறையில் சின்ன டிவி அதுபாட்டுக்கு ஓடும், பாத்திரம் கழுவுபவள் கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? கண்ணில் பட்டதைச் சொன்னேன். வெந்நீர் ஊற்று விடுதிக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள் மினோரி. அவளுக்கு வாய்த்த நாத்தனார் கட்சுயோ. மினோரி வைத்த சூப்பைக் கட்சுயோ விருந்தாளிகள் எதிரிலேயே வடிகாலில் கொட்டிய காட்சி. சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் திரையை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"கொட்டினது சரிதான்," என்றார் நாத்தனார். "உப்பு ஜாஸ்தியாத்தான் இருந்திருக்கும்."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சொல்றதும் கேக்கற மாதிரிதான் இருக்கு."

எனக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. பாராட்டு என்று ஒன்று வந்தால் இப்படித்தான் வரும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு

தவிடு இன்று புளித்த வாடை அடித்தது. ஃபோனில் சொன்னேன். "கரண்டி போட்டியா?"

போட்டேன். ஒரே ஒரு நாள்.

செப்டம்பர் 8, சனி

டிஸ்க் ஒழுங்காக ஓடியது. தொஷிரோ நர்ஸ்களுக்கெல்லாம் ஃபைனலைஸ் பற்றி விளக்கினார். ஒரு நர்ஸ் ஓடிப் போய்விட்டாள், வேறொரு அறையில் மணி அடித்ததாம். எனக்கு எந்த மணியும் கேட்கவில்லை.

தொடரில் எல்லாரும் கட்சுயோவை வெளியேற்றப் பார்க்கிறார்கள். விடுதியின் சாவிக்கொத்து மருமகள் கைக்கு வந்துவிட்டது. நாத்தனாருக்குக் கோபம். "அந்த விடுதியிலேயே புத்தி இருக்கிறது அவ ஒருத்திக்குத்தான். அவளைத் துரத்திட்டு என்ன பண்ணுவாங்களாம்? தலையணை உறையைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியாத பொண்ணு அந்த மினோரி."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

டாக்டர் தேதி சொல்லிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மார்பைத் திறந்து, இதயத்தை நிறுத்தி வைத்து, வால்வை மாற்றுவார்களாம். நிறுத்தி வைத்து என்று டாக்டர் சொன்னது கடைக்குக் கதவடைப்பது போல இருந்தது.

தொஷிரோ, "வால்வு மாத்தறதெல்லாம் பெரிய வேலையில்லக்கா. மேல்பக்கம் அடைச்சிட்டு, பழசைக் கழட்டி…" என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

நாத்தனார் போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "தொடர் எப்ப முடியுது?"

"இருபதாம் தேதி."

"அப்போ ஆபரேஷனுக்கு முன்னாடி கடைசி டிஸ்க் வந்துடும். கட்சுயோ என்ன ஆனான்னு தெரியாம நான் அந்த மேஜையில படுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொஷிரோ பாதம் வலிக்கிறது என்றார். கொஞ்சம் ஓங்கித்தான் மிதித்துவிட்டேன்.

செப்டம்பர் 20, வியாழன்

இன்று கடைசி. பொறியாளர் காலையிலேயே முன்பதிவு செய்துவிட்டார். திரையில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலில் தொடரின் பெயரை அழுத்தினால் போதும், மெஷினே நேரம் பார்த்துக்கொள்ளும் என்று கையேட்டில் இருக்கிறது. நானே படித்தேன். அவருக்கு அது பிடிக்காது. "வால்வைத் தானா திறக்கறதுன்னு விட்டா ஒரு நாள் ஊரே முழுகும். கையாலதான் திறக்கணும், கையாலதான் மூடணும்." கையால் நேரம் போட்டார். ஒன்பதிலிருந்து பத்து.

இப்போது மணி எட்டரை. அதே சேனலில் பேஸ்பால் ஓடுகிறது. ஆட்டம் இழுக்கிறது. பேப்பரில் பார்த்தேன், பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: ஆட்டம் நீண்டால் அடுத்த நிகழ்ச்சிகள் தள்ளிப்போகும்.

குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். "மெஷின் பார்த்துக்கும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செப்டம்பர் 21, வெள்ளி

மெஷின் பார்த்துக்கொண்டது. கையால் சொன்ன நேரத்துக்குத் திறந்தது, கையால் சொன்ன நேரத்துக்கு மூடியது. குடிநீர்ப் பிரிவில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் விருது கொடுத்திருப்பார்கள்.

பதிவானது இவ்வளவு: முதல் பாதி பேஸ்பால். யாரோ ஒருவன் தொப்பியைச் சரி செய்கிறான், துப்புகிறான், மறுபடி தொப்பியைச் சரி செய்கிறான். அப்புறம் தொடர். கட்சுயோ பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள். பெஞ்சில் உட்காருகிறாள். டக். அவ்வளவுதான்.

தொஷிரோ மூன்று முறை போட்டுப் பார்த்தார். நான்காம் முறை போட்டால் மிச்சம் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. காது சிவந்துவிட்டது. திட்டுவதற்கு அருமையான வார்த்தைகள் வைத்திருந்தேன். அந்தக் காதைப் பார்த்ததும் வரவில்லை. "அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா," என்றார், மெஷினிடம்.

டிவி நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். மறு ஒளிபரப்பு இப்போதைக்கு இல்லையாம். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்ட அழகில் நான்தான் ஏதோ தப்பு செய்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஹிராதா அம்மாள் பதிவு செய்திருந்தார். பார்த்துவிட்டு உடனே அழித்துவிட்டாராம். "அந்த முடிவைப் பார்த்தப்புறம் யாரு வெச்சுப்பாங்க?"

முடிவு எனக்கும் தெரியும். சமையலறை டிவி ஓடிக்கொண்டிருந்ததே. பாத்திரமெல்லாம் கழுவி முடித்திருந்தேன், ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். போதுமா?

பஸ் வருகிறது. கட்சுயோ ஏறுகிறாள். வழியனுப்ப ஒரு ஆள் கிடையாது. விடுதி மாடியில் மினோரி நின்று பார்க்கிறாள், பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிறாள். பாட்டு. முடிந்தது.

நாலு வாரமாக இந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தேன். அந்தச் சூப்பைக் கொட்டிய நாளிலிருந்து. வந்ததும் கைதட்டுவேன் என்று நினைத்தேன். கை மடியிலேயே கிடந்தது. ஒருத்தியாவது கீழே இறங்கி வந்திருக்கலாம். பெட்டியையாவது தூக்கிக் கொடுத்திருக்கலாம். இவ்வளவு கல் நெஞ்சாடி உனக்கு, சாவி வந்ததும்? அந்தக் கிழவி போறா, பார்த்துக்கிட்டு ஜன்னலைச் சாத்தறே!

இதைப் போய் நான் ஆபரேஷனுக்கு முன்னால் நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சம இரவு நாள் என்பதால் வழக்கம்போல் பயறு விழுது பூசிய ஒஹாகி உருண்டை செய்து கல்லறையில் படைத்துவிட்டு, இரண்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாத்தனார் மூடியைத் திறந்து பார்த்தார். "ஏன்டி, செத்தவங்களுக்குப் படைக்கறதை எனக்குக் கொண்டு வந்திருக்கே. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கலையா?"

இரண்டையும் சாப்பிட்டார். ஒன்று தொஷிரோவுக்கு என்று நினைத்திருந்தேன். அவர் வாசல் பக்கமே நின்றிருந்தார், டிஸ்க்கை உறையோடு பிடித்துக்கொண்டு. நாத்தனார் அதை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பேஸ்பாலை முழுக்கப் பார்த்தார், யாரையும் பேசவிடவில்லை. பெஞ்சில் கட்சுயோ உட்கார்ந்ததும் படம் நின்றது.

தொஷிரோ தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார். மேஜை மேல் தண்ணீர் இருந்தது.

"சொல்லு," என்றார் நாத்தனார். "பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏறிட்டாளா?"

சத்தியமாக நான் உண்மையைத்தான் சொல்லப் போனேன். வாய் வேறெங்கேயோ போய்விட்டது.

"ஒரு கால் படியில வெச்சாச்சு அக்கா. அப்போ பின்னாடி டக்டக்குன்னு சத்தம். மினோரி ஓடி வர்றா. மரச்செருப்போட, இடுப்புப்பட்டை அவுந்து பறக்குது. பஸ்ஸுக்குக் குறுக்கே நின்னு கையை விரிச்சுட்டா."

"அவளா?"

"அவளேதான். 'நீங்க போயிட்டா தவிட்டுப் பானையை யாரு கிளறுவா? நான் கரண்டி போட்டு எல்லாத்தையும் புளிக்க வெச்சுட்டேன்'னு கத்தறா."

நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே பார்வையோடுதான் இத்தனை வருடம் என் சூப்பை ருசி பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

"கட்சுயோ என்ன சொன்னா?"

"'பெட்டியைத் தூக்கு'ன்னா."

நாத்தனார் தலையணையில் சாய்ந்துகொண்டார். "அப்படித்தான் சொல்லுவா," என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். என் கை போர்வை மேல் இருந்தது. அதை அவர் நகர்த்தவில்லை.

செப்டம்பர் 25, செவ்வாய்

உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். கதவுக்குள் போகும்போது, "பானை!" என்றார். கிளறிவிட்டுத்தான் வந்தேன் என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தொஷிரோ காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர்கள் மேல்பக்கம் சரியாக அடைத்திருப்பார்களா என்று கேட்கிறார். எனக்கெப்படித் தெரியும்? சும்மா இருங்களேன். சும்மா இருங்க.

செப்டம்பர் 26, புதன்

இதயத்தைத் திரும்ப ஓடவிட்டார்களாம். ஓடுகிறது. கண் திறந்து முதலில் நர்ஸின் பின்னல் கோணல் என்று சொன்னாராம். பிழைத்துவிட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். தொஷிரோவும்தான். அவரைக் கேட்டால் வியர்வை என்பார்.

அக்டோபர் 21, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள். நான் கிளறிவந்த தவிட்டில் ஊறிய வெள்ளரிக்காயைக் கொண்டுபோய் வைத்தேன். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "பானை இன்னும் கொஞ்ச நாள் உன்கிட்டயே இருக்கட்டும். எனக்குக் குனிய முடியாது," என்றார்.

உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உடம்பு இன்னும் தேறவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 31, புதன்

இவருக்கு யார் சொன்னது! யார் கேட்டது!

அகாஷியில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பர் அந்தத் தொடரின் கடைசிப் பகுதியை முழுசாகப் பதிவு செய்து வைத்திருந்தாராம். இவர் ரயிலேறிப் போய் இரவல் வாங்கி, நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார். "முழு டிஸ்க். முத்திரை வெச்சது. ஆரம்பத்தைப் போட்டுப் பார்த்தேன், பேஸ்பாலே இல்ல!"

"கடைசியைப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கு அந்த அழுகாச்சியைப் பார்க்கணும்?"

ஒரு மாதமாக அவர் முகத்தில் இல்லாத சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? ஜன்னலைச் சாத்தியவள் கதையை இந்நேரம் நாத்தனார் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொன்னது பொய் என்று தெரிந்திருக்கும். சாகப் போகிறவள் என்று நினைத்துக் கதை கட்டினாயா என்று கேட்பார். கேட்டால் ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

இரண்டு முறை ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 3, சனி

நாத்தனார் வந்திருந்தார். டாக்ஸியிலிருந்து தானே இறங்கி, வாசலில் மூச்சு வாங்க நின்றார். பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து தொஷிரோவின் கையில் வைத்தார்.

"இந்தா. இதுவும் சரியில்ல."

"என்னக்கா? முழுசா இருக்குமே!"

"எங்கே இருக்கு? பஸ் நிறுத்தம் வரைக்கும் சரியா வருது. அதுக்கப்புறம் வேற என்னென்னவோ வருது. அவ ஓடி வர்ற இடம் பதிவாகவே இல்ல." என் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "உன் சிநேகிதனுக்கும் மெஷின் தெரியல. உனக்கும் தெரியல. சுமியே, என்ன நிக்கறே? பானையைக் கொண்டு வா, பார்ப்போம்."

கொண்டுவந்தேன். கையை விட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். "ம்," என்றார்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் போன பிறகு தொஷிரோ கையேட்டை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். 'நடுவில் சில காட்சிகள் விடுபட்டால்' என்று ஒரு தலைப்பாவது இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஆன்டெனாவாக இருக்குமோ என்றார். மழையாக இருக்குமோ என்றார். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் அன்னிக்கு நேர்ல பார்த்தியே. அவ நிஜமாவே ஓடி வந்தாளா?"

"வந்தாளே," என்றேன். "மரச்செருப்போட."

"அப்போ மெஷின்தான்," என்று பக்கத்தைத் திருப்பினார்.